குதிரை பூட்டாத தேர்

பட்டினப்பாலையில் ஒரு சிறுதேர் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரவைத்த உணவைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்கள் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை வழியில் கிடந்து, பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரைத் தடுக்கிறது. நகரத்தின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாகவே இந்தக் காட்சியைப் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்தத் தேரைப் பற்றி ஒரு செய்தியை மறக்காமல் சொல்கிறார்: அதற்குக் குதிரை இல்லை. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு விளையாட்டுத் தேர் உண்டு. நல்ல தேர் என்று அதைப் பாராட்டும் அதே மூச்சில், யாரும் ஏறிச் செல்லாத தேர் என்றும் சொல்லிவிடுகிறார். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் இதற்கும் ஒரு படி மேலே போகிறார். தச்சன் செய்த சின்ன வண்டியில் ஏறிப்போகும் இன்பம் பிள்ளைகளுக்குக் கிட்டாவிட்டாலும், அதைக் கையால் இழுத்துப்போவதில் அவர்கள் இன்பம் அடைகிறார்கள் என்று கண்டு, அதைக் காதலுக்கே உவமையாக்குகிறார். மூன்று பாடல்களிலும் பொம்மைத் தேருக்கு அடையாளம், அதனிடம் இல்லாத ஒன்றுதான்.

உண்மையான தேரிலிருந்து பிரித்துக் காட்டுவதற்கான அடைமொழிதானே இது, இதில் என்ன பெரிய கருத்து என்று கேட்கலாம். முதல் இரண்டு பாடல்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். குறுந்தொகைப் பாடலுக்குப் பொருந்தாது. அங்கே குறைபாடு அடையாளத்துக்காக வரவில்லை. நிறைவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடையாக வருகிறது. வண்டி ஓடாது, குதிரை இழுக்காது, ஆகவே பிள்ளையின் கை இழுக்கிறது. கைக்கு வேலை கிடைத்ததே அந்தக் குறையினால்தான். சுமாராகச் செய்த சிறு உருவங்களை, அதாவது ஒன்றின் மாதிரி என்று சொல்லக்கூடிய ஆனால் அதைப் போல முழுதாக இல்லாத பொருள்களை, மனிதர்கள் ஏன் இவ்வளவு ஆசையோடு செய்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பழைய தமிழ் விளக்கம் இது. இந்த விளக்கம் சரியானது என்றும், திண்டிவனத்துக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பனை நிலத்தின் விளையாட்டு வரலாறு அதற்குச் சான்று தருகிறது என்றும் இங்கே வாதிட விரும்புகிறேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் இருக்கிறது கிளியனூர். தேவாரத் தலங்களோடு சேர்த்து எண்ணப்படும் திருக்கிளியன்னவூர் இதுதான்; அகத்தீசுவரர் கோயில் ஊரின் பழமைக்குச் சாட்சி. ஊருக்குக் கிழக்கே போனால் கழுவெளி. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உப்புநீருமாக மாறும் இந்தப் பெரிய ஆழமற்ற ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் வடகிழக்கில் மரக்காணத்து உப்பளங்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. சங்க காலத்தில் இது ஓய்மாநாடு. நல்லியக்கோடன் என்ற தலைவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை அவனுடைய ஊர்களாகக் குறிப்பிடுபவற்றில் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு அடையாளம் காண்கிறார்கள் அறிஞர்கள். பாடிய நத்தத்தனாரும் அயலூர்க்காரர் அல்லர். அவருடைய இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் கடற்கரைப் பகுதி.

அந்த நத்தத்தனார் ஒரு பொம்மையைக் காட்டுகிறார். இடம் பாண்டியனின் கொற்கை. ஆனால் காட்டப்படுபவர்கள் எந்த உப்புக் கடற்கரைக்கும் உரிய உமணர்கள். உப்பு வண்டிகளோடு பிள்ளை போலவே வளர்ந்து வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சலின் வயிற்றுக்குள் முத்தை வைத்து மூடி, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. முத்து கிடைப்பதால் அதை வளக் காட்சி என்று உரைகாரர்கள் சொல்வது சரிதான். என் கண்ணில் படுவது வேறு. இரண்டு ஓடு, நடுவில் ஒரு கல் போன்ற பொருள், ஓசை வந்தால் போதும். கடையில் வாங்கும் கிலுகிலுப்பையின் வடிவம் அதற்கு இல்லை, பிடி இல்லை. கிலுகிலுப்பை என்றால் என்ன என்ற அறிவு மட்டும் அதில் முழுமையாக இருக்கிறது. கையில் கிடைத்த ஒன்றை வைத்து, மூலப்பொருளின் சாரமான ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிடுவது: இந்த முறையைத்தான் இந்த நிலத்துப் பிள்ளைகள் இன்றுவரை கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பெண்பிள்ளைகளின் சிற்றில் இதே முறையின் இன்னொரு வடிவம். கடற்கரை மணலிலும் தெருமணலிலும் குட்டி வீடு கட்டுவது சங்க அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் காலால் சிதைக்கும் பையனும் கலித்தொகையில் வந்துவிடுகிறான். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை, சிற்றிலையும் சிறுதேரையும் குழந்தைப் பருவத்தின் தனித்தனிக் கட்டங்களாகவே வகுத்துக்கொண்டது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று பருவங்கள் இறுதியில் நிற்கின்றன. சிற்றிலைப் பற்றிய மிக நுட்பமான சான்று ஆண்டாளிடம் கிடைக்கிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் சிறுமிகள் கண்ணனிடம், வீட்டைச் சிதைக்காதே என்று மன்றாடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். மழையில் ஒதுங்க வேண்டும் என்றோ, விளையாட இடம் வேண்டும் என்றோ சொல்லவில்லை. நாள் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டியிருக்கிறோம், அதைக் கண்ணாரப் பார்த்து ஆசை தீர விடு என்கிறார்கள். மணல் வீட்டின் தரம் அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. வலியும் பார்வையுமே அங்கே நிறைவின் இரண்டு பாதிகள். தென்மாவட்டங்களில் மார்கழியில் வாசலில் சின்ன மண்வீடு கட்டித் தையில் பெண்பிள்ளைகளுக்காகக் கொண்டாடும் சிறுவீட்டுப் பொங்கலும், மலைக்கோயில் வழிகளில் சொந்த வீடு வேண்டிப் பக்தர்கள் நாலு கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் இந்த மரபின் கிளைகள்தாம்.

இனி நுங்கு வண்டிக்கு வருவோம். கிளியனூர் தொடங்கிக் கழுவெளி ஓரமாக மரக்காணம் வரை பனை நிற்கும் ஊர்களில், தமிழ்நாட்டின் மற்றப் பனை நிலங்களைப் போலவே, சித்திரையும் வைகாசியும் நுங்குக் காலம். காயின் தலையைச் சீவி மூன்று கண்ணையும் தோண்டி உண்டபின் மிஞ்சுவது நாரும் சதையுமான ஒரு கனத்த ஓடு. பெரியவர்களுக்கு அது குப்பை, அதிகம் போனால் மாட்டுக்குத் தீனி. பிள்ளைகளுக்கு அது சக்கரம். இரண்டு ஓடுகளை எடுத்து, கண் இருந்த பக்கத்தை உள்முகமாகவோ வெளிமுகமாகவோ திருப்பி, நடுவில் ஓர் உறுதியான குச்சியைச் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். நுனி கவையாகப் பிரிந்த நீண்ட கம்பு ஒன்றை அச்சின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆணி இல்லை, பசை இல்லை, காசு இல்லை.

இந்த வண்டியின் குறைகள் ஒவ்வொன்றும் ஆராயத் தக்கவை. பனங்காய் சரியான வட்டம் கிடையாது. மூன்று விதைகள் முக்கோணமாக உட்கார்ந்திருப்பதால் ஓடும் மூன்று பக்கம் புடைத்தே இருக்கும். குச்சி நடுவில் ஏறாவிட்டால் வண்டி நொண்டும். ஒரு காய் பெரிதும் ஒரு காய் சிறிதுமாக அமைந்தால் வண்டி நேரே போகாமல் சின்னச் சக்கரத்தின் பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளில் ஓடு காய்ந்து சுருங்கும், துளை தளர்ந்துபோகும், அச்சு கழன்று வரும். இவற்றுள் ஒன்றைக்கூடக் கடையில் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே பிள்ளை காய்களைப் பொறுக்கும்போதே அளவு பார்க்கிறது. ஒத்த இரண்டைத் தேடுகிறது. மூன்று குழிகளுக்கும் நடுவான புள்ளியைக் கண்ணால் தேர்கிறது. தளர்ந்த துளையில் நாரைச் செருகி இறுக்குகிறது. விட்டம் வேறுபட்ட இரு சக்கரங்கள் ஒரே அச்சில் சுழன்றால் வண்டி வளைந்து போகும் என்பது பொறியியல் பாடம். அதை ஏழு வயதில் கால் தடத்தில் கண்டுகொள்ள வைப்பது காயின் குறைபாடு. சரியான வட்டத்தில் வார்த்த பிளாஸ்டிக் சக்கரம் இந்தப் பாடத்தைச் சொல்லித் தராது, அதற்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அதோடு இந்த வண்டி எதன் மாதிரி என்ற கேள்வியும் இருக்கிறது. உப்பும் நெல்லும் ஏற்றிய மாட்டுவண்டிகள் இந்தச் சாலைகளில் ஓடிய காலத்தில் அது மாட்டுவண்டி. பேருந்து வந்தபின் அது பேருந்து. வாயால் எழுப்பும் எஞ்சின் சத்தமும் வளைவில் கொடுக்கும் ஊதல் ஒலியும் அதைப் பேருந்தாக்கின. பொருள் மாறவில்லை, மூலம் மாறிக்கொண்டே வந்தது. இப்படி மாற முடிந்ததற்குக் காரணம், அது எதையும் முழுமையாகப் பார்த்துச் செய்த நகல் இல்லை என்பதே. விவரம் குறைந்த இடத்தில்தான் பிள்ளை தான் பார்த்த உலகத்தை வைக்கிறது. பனையோலையைக் கிழித்து ஒன்றோடொன்று கோத்து, கருவேல முள்ளை அச்சாகக் குத்திச் செய்யும் காற்றாடியும் இப்படித்தான். கடற்காற்று எப்போதும் வீசும் உப்பளப் பக்கத்தில் அது சுழலாமல் நிற்கும் நேரம் குறைவு. சுழலாவிட்டால் இதழின் சாய்வு தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

கழிவுப் பொருளில் விளையாட்டுப் பொருள் செய்வது நம் மண்ணில் நேற்று வந்த வழக்கமும் அன்று. கீழடி அகழாய்வில் கிடைத்த பொருள்களில் பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் ஏராளம். நொண்டியாட்டம் ஆடும் பிள்ளைகள் இன்றும் அதே பொருளைத்தான் உடைந்த ஓட்டிலிருந்து செய்துகொள்கிறார்கள். சிந்துவெளிக் களிமண் வண்டிகளைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. சுட்ட மண்ணில் வண்டிச் சட்டமும் சக்கரங்களும் மாடுகளும் தனித்தனி. சட்டத்தில் துளைகள் இருக்கும். அவற்றில் குச்சிகளை நட்டால்தான் வண்டிக்குப் பக்கச் சுவர் வரும், அச்சைக் கோத்தால்தான் ஓடும். உதிரி உறுப்புகளாகக் கொடுத்து, பொருத்தும் வேலையை விளையாடுபவரிடம் விடுவது நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த சங்கதி. அங்கே கிடைத்த ஒழுங்கற்ற சில சிறு உருவங்களைக் குழந்தைகளே பிசைந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

உதிரி உறுப்புகளும் பொருத்தும் வேலையும் என்று சொன்னதும் பொம்மைத் தொழிலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கிளியனூரிலிருந்து தெற்கே, புதுச்சேரியைச் சுற்றி அந்தத் தொழில் வேரூன்றியிருக்கிறது. வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. இன்னும் தெற்கே பண்ருட்டி கொலுப் பொம்மைக்குப் பெயர் போனது. இந்தப் பொம்மைகள் பிறக்கும் முறை, முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு அச்சுகள். களிமண்ணையோ கூழையோ அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டிய கோட்டைச் சீவி, காயவைத்துப் பட்டி பூசித் தேய்த்து வண்ணம் தீட்டுவார்கள். அச்சு பழசாகப் பழசாக மூக்கு மழுங்கும், விரல்கள் ஒன்றாகும். மழுங்கிய முகத்துக்கு உயிர் கொடுப்பது கடைசியில் கண் எழுதும் தூரிகைதான். விலை குறைந்த பொம்மையில் தூரிகைக்கு வேலை அதிகம். கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குக் கீழே தரையில் பிள்ளைகள் அமைக்கும் பூங்காவைப் பாருங்கள்: கண்ணாடித் துண்டு குளமாகும், கேழ்வரகும் கடுகும் முளைத்துப் புல்லாகும், செங்கல் தூளில் பாதை ஓடும். யானையைவிடக் கிளி பெரிதாக நிற்கும், கிரிக்கெட் ஆட்டக்காரர் கோபுரத்தின் பாதி உயரம் இருப்பார். இந்த அளவுப் பொருத்தமின்மையை யாரும் திருத்துவதில்லை. பூங்காவை வாங்கிவந்து வைத்த வீட்டைவிட, முளைக்காத கடுகைப் பற்றி நவராத்திரி முழுக்கக் கவலைப்பட்ட வீட்டில்தான் பார்க்க வந்தவரை முதலில் அந்த மூலைக்கு இழுத்துப்போவார்கள்.

இதே கதையை இருபதாம் நூற்றாண்டில் பிளாஸ்டிக் மறுபடியும் நிகழ்த்திக் காட்டியது. இங்கிலாந்தில் நிக்கலஸ் கோவ் என்ற அங்கேரிக்காரர் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பின்னர்ச் சீப்பு போன்ற பொருள்களையுமே செய்தது. 1952இல் கோல்டன் ஹைண்ட் என்ற பாய்மரக் கப்பலின் உதிரி உறுப்புகளை ஒரு பிளாஸ்டிக் பையில் அடைத்து, உல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றபோது புதியதொரு பொழுதுபோக்கு பரவலாயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஸ்பிட்ஃபயர் போர்விமானம் 72இல் ஒரு பங்கு அளவு. அது வேறொரு நிறுவனத்தின் மாதிரியைப் பார்த்துச் செய்த நகல் என்பதால் வடிவத்தில் பிழைகள் மிகுந்திருந்தன. விமானத்தின் பக்கத்தில் பொறித்த பி.டி.கே. என்ற எழுத்துகள்கூடப் பிழையானவை என்பது மாதிரி செய்பவர்களிடையே பெயர்பெற்ற செய்தி. இதேபோல் ஃப்ராக் என்ற ஆங்கில நிறுவனத்தின் அச்சுகள் 1970களில் சோவியத் நாட்டுக்குப் போய், நோவோ என்ற பெயரில் வெளிவந்தன. பழைய அச்சில் வார்த்த உறுப்புகளில் ஓரமெல்லாம் பிசிறு, தடித்த இடங்களில் குழிவு, இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி. பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி நிரப்பி, மறுபடி தேய்த்துத்தான் அவற்றை விமானமாக்க முடியும். அதற்குப் பிறகு துல்லியமான கருவிகளில் வெட்டிய அச்சுகள் வந்து, தட்டினாலே பொருந்தும் மாதிரிகள் கிடைக்கும் காலத்திலும், அந்தப் பழைய பெட்டிகளைத் தேடி வாங்கிக் கட்டுகிறவர்கள் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதற்கு என் விடை ஒன்றுதான்: குறையுள்ள மாதிரி, கட்டுபவரை மூலத்திடம் திருப்பி அனுப்புகிறது. பொருத்தமாக வார்த்த மாதிரியைக் கட்ட உண்மையான விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். படத்தில் எண்ணிட்ட வரிசையில் ஒட்டினால் முடிந்தது. மூக்கு தடித்த, இறக்கை வளைவு பிசகிய மாதிரியைத் திருத்த வேண்டுமானால் விமானத்தின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாக வேண்டும், எந்த வளைவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் அளந்தாக வேண்டும். பி.டி.கே. என்ற எழுத்து தப்பு என்று கண்டுபிடித்தவர்கள் உண்மையான படையணிகளின் எழுத்துகளை ஆராயப் போனவர்கள்தாம். நுங்கு வண்டிப் பிள்ளை பேருந்தின் திருப்பத்தை உற்றுப் பார்ப்பதும், சிற்றில் கட்டிய சிறுமி தன் வீட்டில் அடுப்படி எந்த மூலையில் இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதும் இதே செயல்.

இதற்கு எதிராக மூன்று வலுவான தடைகள் எழுகின்றன. முதலாவது, இது வெறும் தன்பிள்ளைப் பாசம் என்பது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதைச் சோதனைக்கூடத்திலும் காட்டியிருக்கிறார்கள். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டேன் ஏரியலி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மடித்த கோணல்மாணலான காகிதக் கொக்குகளுக்கும் தவளைகளுக்கும், மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைவிடப் பல மடங்கு விலையை மடித்தவர்கள் தரத் தயாராக இருந்தார்கள். தேர்ந்தவர்கள் செய்தவற்றுக்குக் கிடைத்த விலைக்கு அது ஏறக்குறைய சமம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: வேலையை முடிக்க விடாமல் நிறுத்தினாலோ, முடித்ததைப் பிரித்துவிட்டாலோ அந்த மதிப்பு மறைந்துபோயிற்று. வெறும் பாசமாக இருந்தால் பாதி வேலையிலும் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்டாளின் சிறுமிகள் கண்ணாரப் பார்க்கும்வரை சிதைக்காதே என்று கேட்டதன் நியாயம் இங்கே துலங்குகிறது. பாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். அது முடித்துப் பார்த்ததன் விளைவு.

இரண்டாவது தடை இதைவிடக் கனமானது. அது சென்னையிலிருந்தே வருகிறது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாற்றுப் பிரம்மஞான சபைக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி, 1946 வரை இங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய கருவிகள் மிகத் துல்லியமானவை. மரக்கட்டையில் குழிகளும் அவற்றுக்கேற்ற உருளைகளும் இருக்கும். ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று இடம் கிடைக்காமல் மிஞ்சும். தவறைப் பொருளே காட்டிவிடும், ஆசிரியர் காட்ட வேண்டாம். ஆகவே குழந்தையின் கைக்குச் சிறந்த பொருளைத்தான் தர வேண்டும், மட்டமான பொருள் தவறான பாடத்தையே தரும் என்பது வாதம். மாண்டிசோரி சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. கனம், நீளம், வட்டம் என்று ஒரு பண்பைத் தனியே பிரித்துக் கற்பிக்க அந்தத் துல்லியம் இன்றியமையாதது. ஆனால் உருளை விளையாட்டில் எது சரி என்பதை மரக்கட்டை முன்பே தீர்மானித்துவிட்டது. நுங்கு வண்டியில் அதைத் தீர்மானிப்பது பிள்ளை. நேராக ஓடினால் போதுமா, வேகமாக ஓட வேண்டுமா, சத்தம் வர வேண்டுமா, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வண்டியை முந்த வேண்டுமா: ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காய் வேண்டும், வேறு வேறு குச்சி வேண்டும். முதல் கருவி விடையைச் சரிபார்க்கக் கற்றுத்தருகிறது; இரண்டாவது கேள்வியை அமைக்கக் கற்றுத்தருகிறது. ஒன்றிருக்கிறது என்பதற்காக மற்றதைப் பறிக்கக் கூடாது.

மூன்றாவது தடைதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. வறுமையை அழகாக்கிப் பேசுவது எளிது. உப்பளத்தில் வெயிலில் நின்று வரப்பு மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாகக் கரையேற்றும் குடும்பத்துப் பிள்ளைக்கு நல்ல பொம்மை வாங்கித் தர முடியாத நிலையை மரபு என்று பாராட்டுவது அநீதி அல்லவா? சூத்திரகரின் மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகம் இந்தக் கேள்வியை நேராகவே எழுப்புகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியை வைத்து விளையாடிவிட்டு வந்த சிறுவன் ரோகசேனன், தனக்குக் கொடுத்த மண் வண்டியைத் தள்ளிவிட்டு அழுகிறான். மண் வண்டி பிள்ளைக்குப் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் நாடகத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த மண் வண்டியை அவன் செய்யவில்லை. வேலைக்காரி ரதனிகை செய்து கொடுத்தது அது. பிறர் செய்து கையில் வைத்த பொருளென்றால் மண்ணைவிடப் பொன் மேல்தான். குழந்தையின் கணக்கில் பிழையே இல்லை. நான் சொல்லும் நிறைவு, தானே கட்டும் இடத்தில் மட்டும் பிறக்கிறது. கட்டாமல் சும்மா கையில் கிடைக்கும் மட்டமான பொம்மை வெறும் மட்டமான பொம்மைதான், அதை ஏழைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பண்பாடு பேசுகிறவர்களை நானும் எதிர்க்கிறேன். உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு நல்ல புத்தகமும் நல்ல பொம்மையும் கிடைக்க வேண்டும். அவை கிடைத்த பிறகும் நுங்குக் காலத்தில் அந்தப் பிள்ளை வண்டி கட்டும். இரண்டு ஷில்லிங் ஸ்பிட்ஃபயரைக் கட்டியவர்கள் எல்லாரும் ஏழைகள் இல்லை, இன்று நோவோ பெட்டிகளைத் தேடுபவர்கள் நல்ல மாதிரிகளை வாங்கக் காசில்லாதவர்களும் இல்லை. வறுமைதான் காரணம் என்றால் காசு வந்ததும் வழக்கம் நின்றிருக்க வேண்டும்.

இந்த வழக்கத்துக்கு இன்று வந்திருக்கும் உண்மையான ஆபத்து தரத்தைப் பற்றிய பேச்சிலிருந்து வரவில்லை. இந்திய அரசு 2020இல் பிறப்பித்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்கப்பட வேண்டும். நச்சுச் சாயத்திலிருந்தும் கூரான விளிம்பிலிருந்தும் குழந்தையைக் காக்கும் நல்ல சட்டம் இது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்களித்ததால் வில்லியனூர், திருக்கனூர்ப் பொம்மைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. நுங்கு வண்டியைச் சட்டம் தொடாது. அதை யாரும் விற்பதில்லை. அதைத் தொடுவது மரம் வெட்டும் வாள். பனை 1978இலிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 1987 முதல் கள் இறக்கத் தடை நீடிப்பதால் மரமேறுபவரின் வருமானம் பதநீரிலும் நுங்கிலும் ஒடுங்கிப்போனது, ஏறத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள், ஏறாத மரம் செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று மாநில அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை நுங்கு, பதநீர், ஓலை என்ற கணக்கில் மட்டும் எடைபோடுகிறார்கள். சக்கரம், அச்சு, காற்றாடி, ஓலைக் கிலுகிலுப்பை என்ற இன்னொரு கணக்கும் அந்த மரத்தின் பெயரில் இருக்கிறது. கிளியனூர் முதல் மரக்காணம் வரை ஏரிக்கரையிலும் வரப்பிலும் நட்டுவரும் பனங்கொட்டைகள் காய்க்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால், அதை இப்போதே எழுதி வைப்பது நல்லது.